லே தித்தயாவை ஓடையில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

தொட்டிக்காரன், வெள்ளவத்தை:

என்னிடம் ஆறு செரி பார்ப் மீன்கள் இருக்கின்றன. சிங்களத்தில் லே தித்தயா. லே என்றால் இரத்தம். விற்ற கடைக்கார நானா பிடித்துத் தரும்போதே, "தம்பி, இது நம்மட நாட்டு மீன். வெளிநாட்டுக்காரன் ஆசைப்பட்டு வாங்குறான், நம்ம ஆக்கள் கோல்ட் ஃபிஷ் கேட்டு வாறாங்க" என்று குறைப்பட்டார். ஆனால் வீட்டுத் தொட்டியில் விட்டதும் இரத்தத்தையும் காணோம், ஒன்றையும் காணோம். வெளிறிய பழுப்பு, பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்னடா, நெத்தலிக்கா இவ்வளவு காசு?" என்றார்.

போன பெப்ரவரியில் நண்பன் ஒருவனின் ஊருக்குப் போனேன். கோட்டையிலிருந்து களனிவெளி ரெயின், அவிசாவளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் இறப்பர்த் தோட்டம், அதைத் தாண்டினால் ஒரு துண்டுக் காடு, அதற்குள் ஓடை. முழங்காலுக்கும் கீழேதான் தண்ணீர். பிளேன்டீ நிறம், ஆனால் அடிமணல் தெளிவாகத் தெரிகிறது. கால் வைத்ததும் எல்லாம் இலைக் குப்பைக்குள் ஓடி ஒளிந்துவிட்டன. ஒரு கல்லில் ஏறி உட்கார்ந்தேன். கால் மணித்தியாலம் இருக்கும், அதற்குள் அட்டை இரண்டு ஏறிவிட்டது. தட்டிவிட்டு நிமிர்ந்தால், கரையோர வேருக்குக் கீழே இரண்டு ஆண் மீன்கள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. விரல் நீளம்கூட இல்லை. சிவப்பு என்றால் செடியிலேயே பழுத்த மிளகாயின் சிவப்பு, செட்டை நுனிவரை. பக்கத்தில் மங்கல் நிறத்தில் பெண் மீன்கள், சண்டையைக் கவனிக்காமல் மணலைக் கொத்திக்கொண்டிருந்தன.

எனக்குப் பட்ட காரணம் வெளிச்சம். அந்த இடத்தில் மேலே மரம் கூடியிருந்ததால் நண்பகலிலும் அரை இருட்டு. மரம் இல்லாத வளைவில், அதே ஓடையில், ஒரு தித்தயாவையும் காணவில்லை. என் தொட்டியோ பளீரென்ற லைட்டும் வெள்ளைக் கல்லுமாக நகைக்கடை போல இருந்தது. வந்ததும் லைட்டைக் குறைத்து, மிதக்கும் செடி போட்டு, காய்ந்த கொட்டங்காய் இலை நாலைந்தைப் பரப்பினேன். மூன்றாம் கிழமை ஒன்று சிவக்கத் தொடங்கியது.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். நான் பார்த்த இடம் [நீக்கப்பட்டது].

தோட்டத்துப் பொடியன், கொட்டாஞ்சேனை:

அண்ணா, நான் யட்டியந்தோட்டைப் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். தித்தயாவும் பார்த்திருக்கிறேன், ஆனால் எங்கள் ஓடையின் ராஜா புலத் ஹபயாதான். வெற்றிலை மெல்பவன் என்று அர்த்தம். பெயர் வைத்த ஆளைக் கும்பிட வேண்டும். சும்மா நிற்கும்போது மஞ்சள் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. பெண்ணைக் கண்டால் போதும், தலையிலிருந்து பாதி உடம்பு வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி சிவந்துவிடும், பின்பாதி கரிக்கட்டை. நின்ற இடத்திலேயே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் பழைய சாரத்தை நானும் தங்கச்சியும் இரண்டு பக்கம் பிடித்துத் தண்ணீருக்குள் தாழ்த்தி வைப்போம். இன்னொரு பொடியன் ஓடையின் மேல்பக்கத்திலிருந்து தண்ணீரை மிதித்துக்கொண்டு வருவான். பிடித்ததைப் பால் டின்னில் போட்டுக்கொண்டு வருவோம், அடுத்த நாள் காலை செத்துக் கிடக்கும். அம்மாவிடம் அடி. ஒருநாள்கூட நிறத்தோடு வீடு வந்து சேர்ந்தது கிடையாது, டின்னுக்குள் போனதுமே வெளிறிவிடும்.

இறப்பர் ஷீட் அடிக்கிற இடத்திலிருந்து அசிட் கலந்த தண்ணீர் ஓடையில் விழும். இறப்பர்ப் பால் உறைய ஊற்றுவது. அதற்குக் கீழே நாங்கள் சாரம் தாழ்த்தியதே இல்லை. ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அங்கே மீன் இருக்காது என்று தெரியும், அவ்வளவுதான். பெரியவனான பிறகுதான் விளங்கியது: அந்த ஓடை களனி கங்கையில் போய்ச் சேர்கிறது. களனியின் தண்ணீரைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்.

கான்மீன், தெமட்டகொடை:

நீங்கள் எல்லாம் காட்டு ஆக்கள். நான் பத்து வயதில் வீட்டுக்கு முன்னால் கானில் ஜாம் போத்தலால் பிடித்த மீனை "இலங்கை மீன்" என்று பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தவன். அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் ஒட்டினேன். சேர் வந்து பார்த்துவிட்டு, "மகன், இது கப்பி. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று பிரிட்டிஷ் காலத்தில் விட்டது" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இந்தப் பெயர் அப்போது விழுந்ததுதான்.

ஆனால் அதே கானில் இன்னொன்றும் இருந்தது, கவனிக்காமல் விட்டிருக்கிறேன். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் தலையில் வெள்ளியாக ஒரு புள்ளி மின்னும். உட ஹந்தயா. நம் நாட்டு மீன்தான், நுளம்புக் குடம்பியை அதுவும் தின்னும். வீட்டில் ஆள் இருக்க வெளியிலிருந்து ஆள் எடுத்த கதை. இப்போது அந்தக் கானைச் சிலாப் போட்டு மூடிவிட்டார்கள். தலங்கம குளத்துப் பக்கம், வயல் வாய்க்காலில் போன வருடம் ஒன்றைப் பார்த்தேன்.

ஓய்வு டீச்சர், தெஹிவளை:

தொட்டிக்காரத் தம்பி, முதலில் ஒரு திட்டு. ஸ்டேஷன் பெயர், பாலத்தின் பெயர் எல்லாம் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கலபிட்டமடையில் பந்துல பெத்தியா என்று ஒரு மீன் இருக்கிறது. 1991இல்தான் விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. வயலுக்கும் இறப்பருக்கும் நடுவே ஓடுகிற ஒரு சின்ன ஓடையில் கண்டார்கள். அப்படிப்பட்ட ஓடைக்கு வலையோடு நாலு பேர் போனால் அந்த மீன் அழியப் போதாதா?

தித்தயாவுக்கு 1929இல் பெயர் வைத்தவர் நம் நாட்டு விலங்கியலாளர் தெரணியகல. புலத் ஹபயாவுக்கு அதற்கும் முந்தி, 1868இல், லண்டனில் இருந்த குந்தர் வைத்தார். இரண்டும் இலங்கைக்கே சொந்தமானவை, வேறெங்கும் இயல்பாக இருந்ததில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அதிசயிப்பார்கள், பிறகு "எங்கே மிஸ் பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். முப்பது வருடமும் மீன்கடையைத்தான் காட்டினேன். அது எனக்கு வெட்கம்.

தொட்டிக்காரன், வெள்ளவத்தை:

டீச்சர், எடுத்துவிட்டேன். மன்னியுங்கள். நண்பனும் போனில் ஏசிவிட்டான்.

இன்பொக்ஸில் இருவர், "அந்த ஆறையும் கொண்டுபோய் ஓடையில் விட்டால் புண்ணியம்தானே" என்று கேட்டிருந்தார்கள். விடமாட்டேன். இவை தொட்டியில் பொரித்த குஞ்சுகள், கடையில் எத்தனை நாட்டு மீனோடு ஒரே தண்ணீரில் கிடந்தனவோ தெரியாது. அவற்றிடமிருந்து ஏதும் நோய் தொற்றியிருந்தால் அதை ஓடையில் இறக்க எனக்கு மனமில்லை.

அம்மா இப்போது தினமும் தொட்டிப் பக்கம் வந்து போகிறார். நேற்று, "ரெண்டுதானே சிவந்திருக்கு, மற்ற நாலுக்கும் என்ன வருத்தம்?" என்று கேட்டார். அதெல்லாம் பெண் மீன் அம்மா, அதன் நிறமே அதுதான் என்றேன். "அப்ப கடைக்காரன் ஏமாத்தேல்லையா?" என்றார். நானாவிடம் சொல்ல வேண்டும்.