வெயிலில் நிற்கும் காருக்குள் டிரை ஐஸ் வைக்கலாமா?

குடமுருட்டி

கத்திரி வெயில்ல கும்பகோணத்துல ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பக்கத்துல மரமே இல்லாத திடல்லதான் வண்டியை விடணும். காலை 11லேர்ந்து மதியம் 2 வரைக்கும் நிக்கும். சின்ன ஹேட்ச்பேக், கருப்பு சீட். திரும்பும்போது வயசானவங்க ஒருத்தரும் சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஏறணும், திருநள்ளாறு வரைக்கும் போகணும்.

மேடையில பொண்ணு மாப்பிள்ளை வரும்போது புகை விடறவர், மிச்சம் 2 கிலோ டிரை ஐஸ் தரேங்கறார். பக்கெட்ல போட்டு முன் சீட்டுக்குக் கீழ வச்சா வண்டி ஜில்லுனு இருக்குமாம். நாலு கண்ணாடியையும் ஒரு விரக்கடை இறக்கி வச்சாப் போதுமா? எவ்வளவு வைக்கணும், எப்ப வெளிய எடுக்கணும்?

நாகை ஐஸ்பெட்டி

வைக்கவே வேண்டாங்க. கணக்கோட சொல்றேன், அப்பத்தான் மண்டபத்துல யாராவது வற்புறுத்தினாலும் பதில் சொல்ல முடியும்.

டிரை ஐஸ்ங்கறது கெட்டியான கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78 டிகிரி. தண்ணியா உருகாது, நேரா வாயுவாயிடும். நம்ம ஊர் வெப்பத்துல ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 560 லிட்டர் வாயு வரும். 2 கிலோன்னா 1,100 லிட்டருக்கு மேல. சின்னக் காரோட உள்ளிடம் மொத்தமே 3,000 லிட்டர் பக்கம்தான். பாதி கசிஞ்சு போயிட்டாலும் உள்ள நிக்கறது 15 சதவீதத்துக்கு மேல.

சாதாரணக் காத்துல இது 0.04 சதவீதம். எட்டு மணி நேர வேலைக்கு வச்சிருக்கிற வரம்பு 0.5. கால் மணி நேரத்துக்கு 3. நாலு சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்துன்னே கணக்கு வைக்கறாங்க. 10 தாண்டினா சில நிமிஷத்துல நினைவு தப்பும். உங்க வண்டி மூடியிருந்தா 3 சதவீதம் வர 160 கிராம் போதும், ஒரு கைப்பிடி கூட இல்ல.

"நாம விடற மூச்சுலயும் இதுதானே இருக்கு"ன்னு சிலர் கேப்பாங்க. உடம்பு வேண்டாம்னு வெளிய தள்ளறது அது. இழுக்கற காத்துலயே நெறைய இருந்தா தள்ள வழியில்ல, ரத்தத்துல அமிலம் ஏறும். தலைவலி, மூச்சு வாங்கறது, தூக்கக் கலக்கம், அப்புறம் மயக்கம். இதுக்கு வாசனை கிடையாது. ரொம்ப அடர்த்தியா இருந்தா மூக்குல சோடா ஏறின மாதிரி ஒரு சுள்ளுனு இருக்கும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இவ்வளவு ஆபத்தை ஏத்துக்கிட்டாலாவது குளிருமான்னா, அதுவும் இல்ல. ஒரு கிலோ வாயுவாக 570 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். அந்தக் குளிர்ந்த வாயு அறை வெப்பத்துக்கு வர்றதையும் சேர்த்தா 660. உச்சி வெயில்ல கண்ணாடியும் கூரையும் சேர்ந்து உள்ள விடற வெப்பத்தை ஒரு கிலோவாட்னு வச்சுக்கங்க, குறைச்சுத்தான் சொல்றேன். அது ஒரு மணிக்கு 3,600 கிலோஜூல். உங்க 2 கிலோ தாங்கறது இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். மூணு மணி நேரத்துக்கு 16 கிலோ வேணும்.

குடமுருட்டி

சரி, கண்ணாடியை நல்லா இறக்கிட்டா? இல்லன்னா கிளம்ப பத்து நிமிஷம் முன்னாடி மட்டும் வச்சா?

நாகை ஐஸ்பெட்டி

இந்த வாயு காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம். பக்கெட்லேர்ந்து வழிஞ்சு தரையில படுக்கும், அப்புறம் சீட் உயரத்துக்கு ஏறும். கண்ணாடி இருக்கறது அதுக்கு மேல. மேல இருக்கற சூடான காத்து வெளிய போகும், கீழ இருக்கறது அப்படியே நிக்கும். பின் சீட்ல சின்னப் பிள்ளை தலை சாஞ்சு தூங்கற உயரம் எதுன்னு பாருங்க.

கதவைத் திறந்து வச்சா வாயு வாசல்படி வழியா இறங்கிடும், உண்மைதான். ஆனா குளிரும் அதோடயே தரையில இறங்கிடும். அதாவது குளிர் நிக்கற வண்டியில விஷமும் நிக்கும், விஷம் போற வண்டியில குளிரும் போயிடும். இடையில ஒரு அளவு கிடையாது.

மூடிபோட்ட கேன்ல அடைச்சு வைக்கலாமேன்னு அடுத்து யாராவது கேக்கறதுக்குள்ள சொல்லிடறேன்: வெடிக்கும். தண்ணி பாட்டில், எவர்சில்வர் தூக்கு, பிரஷர் குக்கர் எதுலயும் அடைக்கக் கூடாது.

ஸ்பேனர் செட்

வண்டிப் பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம் சேர்த்துக்கறேன். மைனஸ் 78ல இருக்கற பக்கெட் மேட்ல பட்டா ரப்பரும் பிளாஸ்டிக்கும் விறைச்சு விரிசல் விடும். 70 டிகிரியில கொதிக்கற முன் கண்ணாடிக்குக் கீழ, டேஷ்போர்டு மேல வச்சா கண்ணாடியே கீறல் விட வாய்ப்பு உண்டு. நம்ம பக்கத்து ஈரக்காத்துல பக்கெட்டைச் சுத்தி வேர்த்து சீட் பஞ்சு நனையும், நாலு நாள்ல பூஞ்சை வாடை.

இப்ப செய்ய வேண்டியது. உள்ள வந்த வெப்பத்தை எடுக்கறதைவிட வராம தடுக்கறதுதான் சுலபம். மே மாசம் தஞ்சாவூர்ப் பக்கம் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல, கொஞ்சம் வடக்கே தள்ளி நிக்கும். அதனால பக்கக் கண்ணாடியைவிடக் கூரையும் சாய்வான முன் கண்ணாடியும்தான் அதிகம் வாங்கும். மதியத்துக்கு மேல வண்டி நிக்கறதா இருந்தா மூக்கைக் கிழக்கே வச்சு விடுங்க, மேற்கு வெயில் பின்பக்கம் அடிக்கட்டும்.

பழைய எட்டு முழ வெள்ளை வேட்டி ஒண்ணு எடுங்க. நாலு மடங்கெல்லாம் வேண்டாம், ஒத்தையா விரிச்சா முன் கண்ணாடி அடியிலேர்ந்து கூரை முழுக்க வரும். முன்னாடி ரெண்டு முனையையும் வைப்பர் கைக்கு அடியில குடுங்க, நடுவுல ரெண்டு ஓரத்தையும் கதவுல வச்சுச் சாத்துங்க. தண்ணியில நனைச்சுப் பிழியாம போடணும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக 2,400 கிலோஜூல் வேணும், அதாவது மேல சொன்ன டிரை ஐஸை விட மூணரை மடங்கு வேலை, செலவில்லாம. கடலோரத்துல காத்துல ஈரம் கூட இருக்கறதால மெதுவா காயும், கும்பகோணத்துல அரைமணிக்குள்ள காஞ்சிடும். மண்டபத்துல வண்டிக்காரர் யாராவது இருந்தா நடுவுல ஒரு குடம் ஊத்தச் சொல்லுங்க. காஞ்சாலும் நிழல் மிச்சம். கூரையில மண் இருந்தா முதல்ல கழுவிட்டுப் போடுங்க, இல்லன்னா காத்துல தேச்சு பெயிண்ட்ல கோடு விழும். உப்புத்தண்ணி போர்னா வேண்டாம், வெள்ளை வெள்ளையா புள்ளி நிக்கும்.

உள்ள வெள்ளிப் பூச்சு சன்ஷேடு இருந்தா பளபளப்புப் பக்கம் வெளிய பாக்கணும். கருப்பு சீட் மேலயும் ஸ்டியரிங் மேலயும் துண்டு. கேஸ் லைட்டர், சென்ட் பாட்டில், பவர் பேங்க் எதையும் உள்ள விட வேண்டாம்.

கிளம்பும்போது: ஒரு பக்கத்து ரெண்டு கண்ணாடியையும் முழுசா இறக்குங்க. எதிர்ப்பக்கத்துக் கதவை அஞ்சாறு தடவை விசிறி மாதிரி திறந்து மூடுங்க. உள்ள இருக்கற கொதிகாத்து மொத்தமும் மாறிடும். காத்துல இருக்கற வெப்பம் ரொம்பக் கொஞ்சம்தான், 60 டிகிரியை 35க்குக் கொண்டாற நூறு கிலோஜூல் கூட ஆகாது. மிச்ச வெப்பம் சீட்லயும் டேஷ்போர்டுலயும்தான், அதை ஏசி எடுக்கணும். அதனால ஏசியை வெளிக்காத்துல வச்சு, கண்ணாடியை இறக்கியே ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க. அப்புறம் ஏத்திட்டு உள்காத்துக்கு மாத்துங்க. முதல்லயே உள்காத்து போட்டா கொதிக்கற காத்தையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு இருக்கும்.

பிள்ளைங்களைக் கடைசியா ஏத்துங்க. பெல்ட் கொக்கியை முதல்ல தொட்டுப் பாத்துடுங்க.

மன்னார்குடி வடம்

நிழல் தேடறவங்களுக்கு: புங்கமரம், தூங்குமூஞ்சி மரம் நல்லது. தென்னைக்கு அடியில விடாதீங்க. ஒரு காய் விழுந்தா ஐஸ் செலவைவிட பானெட் செலவு பெரிசு.

நாகை ஐஸ்பெட்டி

இன்னொண்ணு. வைக்கறது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு டிக்கியில ஏத்தறதுதான் அதிகம் நடக்கும். ஹேட்ச்பேக்ல டிக்கியும் ஆள் இருக்கற இடமும் ஒண்ணுதான். 2018 ஜூலையில அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல, ஐஸ்கிரீம் கொண்டுபோற பெட்டிகள்ல டிரை ஐஸ் இருந்த காருக்குள்ள ஒரு பெண் இறந்துட்டாங்க, கூட இருந்தவங்க நினைவு தப்பிட்டாங்க. தெர்மாகோல் பெட்டியில இருந்தாலும் ஒரு நாளைக்கு ரெண்டுலேர்ந்து நாலு கிலோ வரைக்கும் கரையும், வெயில்ல இன்னும் வேகமா.

கட்டாயம் கொண்டுபோகணும்னா குட்டியானை மாதிரி திறந்த வண்டியில பின்னாடி போடுங்க. மூடி லேசா, டேப் ஒட்டாம. கையில தோல் கையுறை, இல்லன்னா கெட்டித் துணி. வெறுங்கையால தொட்டா சூடு பட்ட மாதிரி கொப்புளம் வரும்.

மிச்சத்தை அழிக்கறதும் முக்கியம். மண்டபத்துக்கு வெளிய, பிள்ளைங்களும் ஆடு மாடும் வராத திறந்த இடத்துல விட்டா தானா போயிடும். சிங்க்ல, கக்கூஸ்ல போட்டா பீங்கான் வெடிக்கும். கிணத்துல, சம்ப்ல மட்டும் போட்டுடாதீங்க. வாயு அடியில தேங்கி நிக்கும், தூர்வார இறங்கறவருக்குத் தெரியாது. பிள்ளைங்க கையில துண்டு கிடைச்சு வாயில போட்டுடக் கூடாது. 2024 மார்ச்ல குருகிராம்ல ஒரு ஹோட்டல்ல வாய்ப்புத்துணர்ச்சிக்குக் குடுக்கற பொருள்னு டிரை ஐஸைக் குடுத்துட்டாங்க. சாப்பிட்டவங்க ரத்த வாந்தி எடுத்தாங்க.

குடமுருட்டி

புகைக்காரர்கிட்ட வேண்டாம்னுட்டேன். வேட்டிதான். வீட்ல கரை வச்சது ஒண்ணு சும்மா கிடக்கு, அது ஆகுமா?

ஸ்பேனர் செட்

வெள்ளை வண்டின்னா ஆகாதுங்க. கட்சிக்கரை எதுவா இருந்தாலும் ஈரத்துல சாயம் இறங்கி கூரையில ஒட்டும். கரையைக் கிழிச்சு எடுத்துட்டுப் போடுங்க.