கோப்பாய் வீட்டார் குழு: ஞாயிறு பயணம்

மலர்: வரும் ஞாயிறு, ஜூன் 21, கனடாவின் தேசியப் பூர்வகுடியினர் நாள். ராணி மாமியை நண்பகலில் நடக்கும் பவ்வவ் என்னும் பூர்வகுடி ஆட்ட விழாவுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். சுதனின் வான் கிடைக்குமா?

சுதன்: கிடைக்கும். ஏழு பேருக்கு மேல் ஏற்ற முடியாது.

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். தங்கச்சி ராணி எட்மன்ரனை விட்டுப் புறப்பட இன்னும் இரண்டு கிழமையே இருப்பதால், அன்றைய நாளை உக்ரேனியப் பண்பாட்டு மரபுரிமைக் கிராமத்துக்கு ஒதுக்குவதே முறை என்பது என் கருத்து. யெலோஹெட் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், எல்க் ஐலன்ட் தேசியப் பூங்காவைத் தாண்டினால் வந்துவிடும். 1891இல் பிலிப்பிவ், எலெனியாக் என்னும் உக்ரேனியர் இருவர் வந்து நாட்டைப் பார்த்த பின்னரே அம்மக்கள் திரளாகக் குடியேறத் தொடங்கினர். அவர்கள் கட்டிய தேவாலயங்களையும் களிமண் பூசிய வீடுகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அடுப்படியில் வீட்டுக்காரியாக நடிக்கும் பெண்ணிடம் கைப்பேசியைக் காட்டிப் பாருங்கள். அக்காலத்து ஆளாகவே விழிப்பாள்.

சுதன்: ட்ரம்ஹெல்லர் பயணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெரியப்பாவின் விளக்கம் முடிவதற்குள் சாப்பாட்டுக் கடையைப் பூட்டிவிட்டார்கள்.

பெரியப்பா: அன்று கட்டுச்சோறு கொண்டுவர வேண்டியவர் நீர்.

ராணி மாமி: எனக்கு அந்தப் பெரிய முட்டையைப் பார்க்க வேண்டும்.

நிலா: அது கிராமத்தையும் தாண்டி வெக்ரவில்லில் இருக்கிறது, அம்மம்மா.

பெரியப்பா: 1975இல் கனடியக் காவற்படையின் நூற்றாண்டையொட்டி, உக்ரேனியரின் பிசங்கா என்னும் சாயமுட்டை வடிவில் அலுமினியத்தில் செய்தது. காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும்.

நிலா: உண்மையான பிசங்காவைப் பள்ளியில் நாங்களே செய்தோம். கிஸ்த்கா என்னும் முனையால் தேன்மெழுகில் கோடு இழுத்து, முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் கறுப்புச் சாயத்தில் முட்டையைத் தோய்க்க வேண்டும். சுடரருகே பிடித்து மெழுகைத் துடைத்தால் மறைந்திருந்த நிறங்கள் எல்லாம் தெரியும்.

ராணி மாமி: நம் பத்திக் துணி போல.

சித்தி (ரொறன்ரோ): மச்சாள் இங்கே எந்த நாள் வருகிறார் என்பதை எனக்கும் யாராவது அறிவிப்பீர்களா? நானும் இக்குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா: அதைத் தொலைபேசியில் பேசுவோம்.

ராணி மாமி: மலரோடு வேலை செய்யும் கிறீப் பூர்வகுடிப் பெண் கட்டியிருந்த பூப்போட்ட தலைத்துண்டு எங்கே கிடைக்கும்?

பெரியப்பா: அது உக்ரேனியருடைய துண்டு.

மலர்: உக்ரேனியரிடமிருந்து வந்ததுதான், பெரியப்பா. ஆனால் பக்கத்துப் பண்ணைகளோடு ஏற்பட்ட பழக்கத்தாலும் பண்டமாற்றாலும் அது கிறீப் பாட்டிமாரின் தலைக்கு வந்து, இன்று கோக்கம் (பாட்டி) துண்டு என்றே அறியப்படுகிறது. 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தபோது பூர்வகுடிப் பெண்கள் பலர் அதைக் கட்டிப் படமெடுத்துத் தங்கள் ஆதரவைக் காட்டினார்கள். அதே வேளை, 10 டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் என்று அரசு அக்குடியேறிகளுக்குக் கொடுத்த நிலம் பூர்வகுடியினரோடு செய்த 1876ஆம் ஆண்டின் ஆறாம் உடன்படிக்கைக்குள் அடங்கிய நிலம் என்பதையும், பூர்வகுடிச் சடங்கு ஆட்டங்களைத் தடுத்த சட்டப்பிரிவு 1951 வரை நீக்கப்படவில்லை என்பதையும் மாமி அறிய வேண்டும். அதனால்தான் பவ்வவ் முதலில் என்கிறேன்.

பெரியப்பா: அத்தடை 1884இல் வந்தது.

மலர்: அது மேற்குக் கரையின் பொட்லாட்ச் என்னும் கொடை விழாவுக்கு. சமவெளிச் சடங்குகளைத் தொட்ட திருத்தம் 1895இல் வந்தது.

ராணி மாமி: ஆடுபவர்கள் சலங்கை கட்டுவார்களா?

மலர்: ஜிங்கிள் ஆட்டப் பெண்களின் உடையில் வரிசை வரிசையாகத் தகரக் கூம்புகள் தொங்கும். முன்பு மூக்குப்பொடி டப்பா மூடிகளைச் சுருட்டிச் செய்தார்களாம். கழுகிறகுக் கோலோடு ஊர்வலம் நுழையும்போது எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். படம் எடுக்காதீர்கள் என்று அறிவித்தால் எடுக்கக் கூடாது. சுதன், இது உனக்கு.

சுதன்: சரி, அக்கா. விளக்கவுரைக்கும் அதே விதி உண்டா?

பெரியப்பா: கிண்டல் போதும். பவ்வவ் முடிந்ததும் நேரே முட்டைக்குப் போவோம். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். கிராமத்தை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம்.

சுதன்: அடுத்த சனி எனக்கு வேலை.

ராணி மாமி: ஞாயிறுக்கு இடியப்பம் அவிக்கவா, புளிச்சாதம் கட்டவா?

பெரியப்பா: புளிச்சாதம்.

நிலா: இடியப்பம்.

சித்தி (ரொறன்ரோ): சாப்பாடு முடிவானதும் என் கேள்விக்கும் பதில் தாருங்கள்.