பிளாஸ்டிக் கூரைத் தகட்டில் படரும் பச்சைப் பாசி

கேள்வி: வீட்டின் பின்புறம் போட்டிருக்கும் பாலிகார்பனேட் கூரையில் பச்சைப் பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. தகட்டில் கீறல் விழாமல் அதை எப்படி நீக்கலாம்?

பதில் 1: முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியையும் மணலையும் கழுவிவிடுங்கள், அவை இருக்கும்போதே தேய்ப்பதால்தான் கீறல் விழுகிறது. பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது கலந்து, நீண்ட கைப்பிடியுள்ள பஞ்சுத் துடைப்பானால் தேய்த்து, சோப்பு காய்வதற்குள் அலசிவிட வேண்டும். தகட்டின் மேல் கால் வைக்காதீர்கள்.

பதில் 2: அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவமும் தின்னரும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. பிளீச்சுடன் வினிகரைக் கலக்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

பதில் 3: உங்களுடையது இரட்டைச் சுவர்த் தகடா, அதாவது இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நீளவாக்கில் வெற்று அறைகள் உள்ள தகடா என்று பாருங்கள். அப்படியானால், முனையில் ஒட்டிய நாடா பிய்ந்து ஈரம் புகுந்து, உள்ளறைகளிலேயே பாசி வளர்ந்திருக்கலாம். அதை வெளியிலிருந்து எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. தகட்டைக் கழற்றி, உள்ளே நீர் பாய்ச்சி, நன்கு உலர்த்தியபின் புதிய நாடா ஒட்டுங்கள்.