கத்திரி வெயிலில் மதுரை: எந்தப் பிள்ளையார்?

"மே மாசம் மதுரைக்கு யாராவது டூர் போவாங்களா?" என்று கேட்டார் என் மாமியார். நியாயமான கேள்விதான். ஆனால் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் குடும்பத்தோடு கூட வேண்டுமென்றால், பிள்ளைகளின் லீவை விட்டால் வேறு நாள் இல்லை. நால்வரில் ஒருவன் மட்டும் இன்னும் மதுரையிலேயே இருக்கிறான். சனி, ஞாயிறு இரண்டே நாள், சின்னது பெரிசு எல்லாம் சேர்த்து 15 தலை.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை போய் இறங்கினோம். ஸ்டேஷன் வாசலில் நின்ற உள்ளூர்க்காரன், நலம்கூட விசாரிக்காமல், "ஏழு மணிக்குக் கோயில்ல இருக்கணும்டா. பத்துக்கு மேல தரையில கால் வைக்க முடியாது" என்றான். கேட்டிருக்கலாம். ரூமில் குளிக்க வரிசை, அப்புறம் இட்லிக்கு வரிசை, பிறகு ஒரு பையனுக்குச் செருப்பைக் காணோம். கோபுர வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை.

2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. எல்லாருடைய போனையும் வாங்கிக் கொடுத்துவிட்டு டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டேன். "தொலஞ்சு போனா எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?" என்றாள் பத்தாவது படிக்கும் என் மகள். இதெல்லாம் ஒரு கேள்வியா? நாங்கள் படிக்கிற காலத்தில் ஊரே இப்படித்தான் சந்தித்துக்கொண்டது. "பிரிஞ்சுட்டா பிள்ளையார்கிட்ட வந்து நில்லுங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஆடி வீதியில் கல் கொதித்தது. விரித்திருந்த கயிற்றுப் பாயைவிட்டு ஒரு அடி விலகினாலும் துள்ள வேண்டியிருந்தது. என் நண்பர்களில் கனமானவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்ததில், காலையிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தவர்களெல்லாம் ஒன்றாகிவிட்டார்கள். உள்ளே போனதும் குளுமை. தரிசன வரிசையில் முன்னே பின்னே ஆகி, அம்மன் சந்நிதியைத் தாண்டும்போது எங்கள் கூட்டம் இரண்டாக உடைந்திருந்தது.

நண்பர்கள் நால்வரில் நாங்கள் மூன்று பேர் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் போய் நின்றோம். ஆளுயரத்தைத் தாண்டிய பிள்ளையார். விநாயகர் சதுர்த்திக்கு மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்களே, அவரேதான். அவரைவிட்டு வேறு யாரைச் சொல்லியிருப்பேன்? பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. யாரும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்ற பதற்றம் வேறு. உள்ளூர்க்காரன் தேடப் போனான். மீதி இரண்டு பேரும் தூணில் சாய்ந்து உட்கார்ந்தோம். போன் இல்லை, பிள்ளைகள் இல்லை, செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் என்கூட இருந்தவன், போன வருடம் வேலை போனதையும் ஆறு மாதம் வீட்டில் சொல்லாமல் தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதையும் சொன்னான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் அந்த ஆறு மாதமும் தினசரி குட்மார்னிங் அனுப்பியவன் அவன்தான்.

மீதிப் பேர் எங்கே இருந்தார்கள் தெரியுமா? பொற்றாமரைக் குளத்தங்கரையில், விபூதிப் பிள்ளையாரிடம். பிள்ளைகள் அவர் மேல் விபூதியைக் கொட்டிப் பூசி, தாங்களும் வெள்ளையாகி, குளத்துப் படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். "எந்தப் பிள்ளையார்னு சொன்னீங்களா?" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்வி ஊர் திரும்பும்வரை ஓடியது. ஜிகர்தண்டா கடையில் ஒரு தடவை, மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தபோது ஒரு தடவை.

*

வேறொரு பெண்மணியின் அனுபவம்: நாங்கள் பள்ளித் தோழிகள் ஐந்து பேர், சில வருடங்களுக்கு முன் இதே போலக் குடும்பத்தோடு போனோம். வெயில் தாழ்ந்த பிறகு திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி பார்த்தோம். அன்று அங்கே சொல்லப்பட்டது சிலப்பதிகாரக் கதை. மகாலைக் கட்டியது 1636இல். என் பையன் இரண்டையும் போட்டுக் குழப்பி, "கண்ணகி எரிச்சபோது இந்தத் தூணெல்லாம் எப்படிம்மா தப்பிச்சுது?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். தோழிகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு, எங்களைப் பார்த்து எங்கள் அம்மாக்களும். அந்தத் தூண்களைக் கட்டிப்பிடிக்க எங்களில் மூன்று பேர் கை கோக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

இன்னொருவரின் யோசனை, மத்தியானம் பிள்ளைகளை எங்கே வைப்பது என்பவர்களுக்கு: 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், புதுநத்தம் சாலையில். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஏ.சி. உண்டு. நாங்கள் "ஒரு மணி நேரம்" என்று போய் நாலு மணிக்குத்தான் வெளியே வந்தோம். பிள்ளைகள் படித்தார்கள். என் அண்ணனும் அவர் சிநேகிதரும் எதிரெதிர் நாற்காலியில், ஆளுக்கொரு புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துத் தூங்கினார்கள். முப்பது வருடம் முன்பு ஹாஸ்டலிலும் இப்படித்தானாம்.