ஸ்போர்ட்ஸ் காருக்குத் தமிழில் என்ன? (பட்டிமன்றத் தலைப்பு, வியாழனுக்குள் வேண்டும்)

உதகை ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளித் தமிழ் மன்றத்தில் இந்தத் தடவை பட்டிமன்றப் பொருளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற கம்பெனிகள் ஃபார்முலா ஒன் மாதிரியான, ஒருவர் மட்டும் அமரும் காரில் ஓடும் பந்தயத்தில் இறங்கலாமா, கூடாதா என்பது பொருள். 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே காரில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து வகுப்பில் இதே பேச்சுதான். தலைப்பு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். வியாழன் மதியம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

நான் எழுதியது: “விளையாட்டு மகிழுந்து உற்பத்தியாளர்கள் ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் பங்கேற்கலாமா?” இதைப் படித்த ஆறாம் வகுப்புப் பையன், “பொம்மை கார் கம்பெனியா டீச்சர்?” என்று கேட்கிறான். என்ன செய்யலாம்?

கோத்தகிரி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்), செவ்வாய்

அம்மா, பையன் சொன்னதுதான் சரி. விளையாட்டிற்கு உரிய கார் என்று விரிப்பதால் இது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பொம்மை என்றுதான் பொருள்படும்.

மகிழுந்து எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அது வினைத்தொகை. மகிழ்ந்த உந்து, மகிழ்கின்ற உந்து, மகிழும் உந்து. மகிழ்வது யார், வண்டியா?

புறநானூற்றின் 15-ஆம் பாட்டு “கடுந்தேர் குழித்த ஞெள்ளல்” என்கிறது. விரைந்து ஓடும் தேர் குழித்துப்போட்ட தெரு. கடி என்னும் உரிச்சொல்லுக்கு விரைவு என்ற பொருளைத் தொல்காப்பியமே தருகிறது. எனவே ஸ்போர்ட்ஸ் கார் கடுந்தேர். ஒருவர் மட்டும் அமரும் வண்டி ஓரிருக்கை. பத்து எழுத்தில் முடிகிற வேலைக்கு அரைப் பக்கம் எதற்கு?

கூடலூர் (மொழிபெயர்ப்பாளர்), செவ்வாய்

ஐயா, உண்கலம் என்பதும் வினைத்தொகைதான். உண்பது கலமா? மகிழுந்தை விட்டுவிடுங்கள், பாவம்.

ஓரிருக்கை என்றால் காஞ்சிபுரம் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வருகிறது. திருமழிசையாழ்வார் கோபித்துக்கொண்டு கிளம்ப, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய் ஓர் இரவு தங்கிய இடம். ஓரிரவிருக்கை ஓரிருக்கையாகி, இன்று ஓரிக்கை. தவிர, வேகமாகப் படித்தால் ஓரிரு கை என்றே கண்ணில் படும்.

கோத்தகிரி, செவ்வாய்

காஞ்சியில் ஓர் ஊர் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிடுவதா? அந்த ஊர்ப் பெயருக்கு வேறொரு விளக்கமும் சொல்லலாம். தனி மடலில் அனுப்புகிறேன்.

குன்னூர் (கார் பட்டறை), செவ்வாய் இரவு

ஐயா, கடுந்தேர் என்று நோட்டீஸ் ஒட்டினால் ஊட்டி மாரியம்மன் தேருக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அப்படிப் பெயர் வைத்தவர் எந்தப் பாட்டையும் புரட்டவில்லை. தலையில் செருகுகிற ஊசியைப் பார்த்தார், போர்டில் எழுதினார். லாரி டிரைவரும் அதைத்தான் சொல்கிறார், தாசில்தாரும் அதைத்தான் எழுதுகிறார்.

டீச்சர், எனக்கு உறுத்துவது அந்த “உற்பத்தியாளர்”தான், “பங்கேற்கலாமா”வும்தான். ஃபார்முலா ஒன்னில் டிரைவருக்கு ஒரு பட்டம், காரைக் கட்டுகிற அணிக்கு ஒரு பட்டம். இந்த இரண்டாவது பட்டம் 1958-லிருந்து இருக்கிறது. இன்ஜின் மட்டும் கொடுக்கிறவனுக்கு அது கிடையாது. ஆக, கம்பெனி இறங்குவது என்றால் மூன்று மாதிரி இறங்கலாம். முழுக் காரையும் தானே கட்டலாம், இன்ஜின் மட்டும் கொடுக்கலாம், அடுத்தவன் காரில் தன் பெயரை ஒட்டலாம்.

போர்ஷேயைப் பாருங்கள். சொந்தக் காரோடு வந்து 1962 பிரெஞ்சுப் பந்தயத்தில் டான் கர்னி ஜெயித்தார். அந்த ஒன்றுதான், வருஷக் கடைசியில் மூட்டை கட்டிவிட்டார்கள். அதே போர்ஷே 1980-களில் மெக்லாரன் அணிக்கு இன்ஜின் செய்து கொடுத்தபோது 1984, 85, 86 மூன்று வருஷமும் டிரைவர் பட்டம் அந்தக் காருக்குத்தான். ஆல்ஃபா ரோமியோ 2019-லிருந்து 2023 வரை ஓடியது சௌபர் அணிமேல் ஒட்டிய பெயர். “பங்கேற்கலாமா” என்று போட்டால் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறீர்கள். பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசும்.

உதகை ஆசிரியை, புதன் காலை

அண்ணா, இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. முழுக் காரையும் செய்கிறவருக்கு ஒரே சொல் இருந்தால் தலைப்பு சரியாகிவிடும். கட்டமைப்பாளர் என்று போடலாமா?

கூடலூர், புதன்

கட்டமைப்பு என்றால் சாலை, பாலம், குடிநீர்க் குழாய் என்று மனம் போகும். வடிவாக்குநர் என்றால் வரைபடம் போடுகிறவர். நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

குன்னூர், புதன்

பஸ், லாரிக்கு “பாடி கட்டுவது” என்றுதானே சொல்கிறோம்? கரூரில் போய்க் கேளுங்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தாரே, அதையும் “கார் கட்டினார்” என்றுதான் பட்டறையில் சொல்வோம். கட்டுகிறவர் கட்டுநர். முடிந்தது.

கோத்தகிரி, புதன்

ஓட்டுநர் உண்டென்றால் கட்டுநரும் இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒளவையார் புறநானூறு 87-இல் ஒரு தச்சனைக் காட்டுகிறார். நாளுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன் அவன், ஒரே சக்கரத்துக்கு ஒரு மாதம் மெனக்கெடுகிறான். எட்டுத் தேர் செய்வது உற்பத்தி, ஒரு சக்கரத்தோடு மாதம் முழுக்கக் கிடப்பது நீங்கள் சொல்கிற பந்தய வேலை. இருவருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட யார் சொல்லிவிட முடியும்? தச்சர் என்றே வையுங்கள்.

குன்னூர், புதன் இரவு

ஐயா, பாட்டு அருமை. நடுவருக்கு முன்னுரையாகவே இதைக் கொடுத்துவிடலாம். ஆனால் தச்சர் என்றால் ஆள் உளியோடு வந்து நிற்பார்.

அந்தப் பாட்டுக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எட்டுத் தேர் செய்யத் தெரிந்தவனெல்லாம் அந்த ஒரு சக்கரத்தைச் செய்துவிட மாட்டான். ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான ஆஸ்டன் மார்ட்டின் 1959-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. அதே வருஷம் ஃபார்முலா ஒன்னுக்கும் ஒரு கார் கொண்டுவந்தது, முன்பக்கம் இன்ஜின் வைத்து. அதற்குள் கூப்பர் என்ற அணிக்காரன் இன்ஜினைப் பின்னால் வைத்து ஜெயித்துக்கொண்டிருந்தான். ஒரு பாயிண்ட் கூட எடுக்காமல் 1960-இல் போய்விட்டார்கள்.

நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டான் அணியை அப்புறம் ஸ்பைக்கர் என்ற டச்சு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி வாங்கியது. 2007-இல் ஓடியது, வருஷம் முழுக்க ஒரே ஒரு பாயிண்ட். சின்னக் கம்பெனி, தாங்கவில்லை. மல்லையா கைக்குப் போய் ஃபோர்ஸ் இந்தியா ஆனது. 2021-லிருந்து அதே அணிக்குப் பெயர் ஆஸ்டன் மார்ட்டின்!

ஃபெராரி வேறு கதை. ரோட்டுக் காரை விற்றதே பந்தயச் செலவுக்குத்தான். மெக்லாரன் முதலில் பந்தயக்காரன், அப்புறம்தான் ஸ்போர்ட்ஸ் கார் வியாபாரி. இந்த மாதிரி வந்தவன் நிற்பான். ஷோரூம் பெயருக்காக வருகிறவன் பத்து வருஷம் தாங்கினால் ஆச்சரியம். இப்போது செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது, ஸ்பைக்கர் காலம் மாதிரி இல்லை என்று எதிர் அணி சொல்லும். சொல்லட்டும். இன்ஜின் செய்கிற செலவு தனிக் கணக்கு, அதற்குத் தனி உச்சவரம்பு என்று பதில் சொல்லுங்கள்.

கூடலூர், வியாழன் காலை

கட்டுநருக்கு என் ஓட்டு. ஆனால் டீச்சர் கேட்டது ஸ்போர்ட்ஸ் காருக்கு. கடுந்தேருக்குப் பிறகு அதை யாரும் தொடவே இல்லை.

உதகை ஆசிரியை, வியாழன், 11 மணி

அச்சகத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். கட்டுநருக்குப் பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசிப் பார்த்தேன், ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டார்.

“ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் கட்டுநராகக் களமிறங்கலாமா?”

எல்லோருக்கும் நன்றி. புலவர் ஐயா நடுவராக வர வேண்டும்.

கோத்தகிரி, வியாழன், 11.40

வருகிறேன். கடுந்தேர் கைவிடப்பட்டதற்கு என் மறுப்பைக் குழுவில் பதிந்துகொள்ளுங்கள். “ஒற்றையிருக்கை” என்று யகர உடம்படுமெய் போட்டுச் சேர்த்து எழுத வேண்டும். அச்சகத்துக்கு யாராவது போன் செய்யுங்கள்.