பிரெஞ்ச் டோஸ்ட்: மேலே கருகுகிறது, நடுவில் வேகவில்லை

ஓவனில் பேக் செய்யும் பிரெஞ்ச் டோஸ்ட் எனக்குச் சரியாக வரவே மாட்டேன் என்கிறது. ஞாயிறு காலை அக்கா குடும்பம் சேலத்திலிருந்து மேலே வருகிறது, அவள் பிறந்தநாள். எட்டுப் பேருக்கு இதுதான் டிபன்.

இடம் ஏற்காடு, 1,500 மீட்டர் உயரம். 28 லிட்டர் ஓடிஜி (மேஜைமேல் வைக்கும் மின்சார ஓவன்), 3 அங்குல ஆழமுள்ள சதுரக் கண்ணாடித் தட்டு. ஒரு பெரிய மில்க் பிரெட், 6 முட்டை, அரை லிட்டர் பால், 200 மில்லி கிரீம், நாட்டுச் சர்க்கரை, பட்டைத்தூள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறுகிறது. காலையில் மேலே வெண்ணெயும் முந்திரியும் தூவி, 180 டிகிரியில் 40 நிமிடம்.

ஓரம் நன்றாக உப்பி வருகிறது. முந்திரி கருத்துவிடுகிறது. நடுவில் கரண்டியை வைத்து அழுத்தினால் பால் கசிகிறது, அடியில் ரொட்டி கூழாகக் கிடக்கிறது.

ஃபாயில் போட்டு மூடிப் பார்த்தேன்; முந்திரி தப்பித்தது, நடு அப்படியேதான். 160 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டால் ஓரம் தோல் மாதிரி இழுக்கிறது. முந்தின நாள் ரொட்டி, கீழ்த்தட்டு, அரை மணி வெளியே வைத்துவிட்டு ஓவனில் வைப்பது, எல்லாம் ஆயிற்று. (இந்தக் குளிரில் வெளியே வைத்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஒன்றுதான்!) இதே ஓவனில் கேக் அருமையாக வருகிறது, அதனால் ஓவன் மேல் சந்தேகமில்லை.

நடுவும் வேக, பாலைக் குறைக்கவா, இல்லை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பவா?