புதுப்பிப்பு: தருமபுரி போர்வெல் தண்ணீரும் ஃபுளோரைடும்

முந்தைய பதிவில் ‘காய்ச்சிக் குடித்தால் போதும்’ என்று எழுதியிருந்தேன். ஃபுளோரைடு (நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் உப்பு, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்) விஷயத்தில் அது தப்பு. காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடு ஏறும். டிடிஎஸ் மீட்டரும் உதவாது, மொத்த உப்பை மட்டுமே காட்டும். மீட்டர் 400 காட்டும் தண்ணீரிலும் ஃபுளோரைடு லிட்டருக்கு 2 மி.கி. இருக்கலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) வைத்திருக்கும் ஃபுளோரைடு வரம்பு லிட்டருக்கு 1 மி.கி.; மாற்று நீரே இல்லாவிட்டால் 1.5.

குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விடுவதில்தான் சிக்கல். ஃபுளோரைடு போர் தண்ணீரில் 2.4 மி.கி., ஆற்று நீரில் 0.4 மி.கி. என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.4, ஒரு குடம் போர் தண்ணீருக்கு மூன்று குடம் ஆற்று நீர் விட்டால்தான் 0.9. இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, குடிக்கவும் உலை வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகப் பிடித்துவைத்துவிடலாம்.

சோதனைக்குக் கொடுக்கும்போது கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்தான். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.